யாருக்காக வந்தீர்கள்?

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கவர் கனமாக இருக்கிறதே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. என் மனைவிக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அவளால் எனக்குத்தான் ஏறுகிறது. உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா, அல்லது உங்கள் வீட்டம்மா, அதான் என் தங்கச்சி, வாங்கிவைத்த பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறதா?

மாதாமாதம் எழுதும்போது கடைசி வரியில் ‘மாப்பிள்ளை நலம்’ என்று போடுவேன். நீங்கள் கவரைப் பிரித்ததும் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவீர்கள் என்று தங்கச்சி ஒருமுறை சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதீர்கள். இந்த முறை கடைசி வரியை வேறொன்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் அவர் பேச்சை எடுத்தால் ‘கடையில ஆள் நிக்குது’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

அந்தப் பெட்டியோடு என் இரும்புக்கடைப் படி ஏறாதே என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் கிட்டார்ப் பெட்டியோடு இங்கே வந்து கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். அதிலிருந்து அப்பாவும் பிள்ளையும் என் வழியாகத்தான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மௌனம். இடியே தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது அவர் வேலை. என் கண்ணாடியும் அவர் கைவேலைதான். அதைப் போட்ட பிறகு என் மனைவி முறைப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனால் மனிதர் காணாமல் போய்விடுவார். கேட்டால் ‘கடையில ஸ்டாக் எடுக்குறாங்கப்பா’ என்பாள் மகள். கண்ணாடிக் கடையில் வாராவாரம் என்ன ஸ்டாக்? ஒரு திங்கட்கிழமை துவைக்கப் போட்ட சட்டையை என் மனைவி முகர்ந்து பார்த்தாள். பீர் வாசனை. சந்தேகத்துக்கு என்னிடம் நீட்டினாள். நானும் முகர்ந்தேன். மாப்பிள்ளை சட்டையை மாமனாரும் மாமியாரும் மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்ததை மகள் பார்த்துவிட்டாள். மறுவாரத்திலிருந்து சட்டையை அவரே துவைக்க ஆரம்பித்தார். எங்களுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வீட்டு மாப்பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது அழகில்லை. பின்னாலேயே போய்ப் பார்ப்பது மட்டும் அழகா என்றால், அதுவும் இல்லைதான். ஆனால் பாதி சர்வீஸ் கண்டக்டராகவும் மீதி சர்வீஸ் செக்கிங் இன்ஸ்பெக்டராகவும் இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? போன ஞாயிறு அவர் பஸ்ஸின் முன்வாசலில் ஏற, நாங்கள் பின்வாசலில் ஏறினோம். நான் முகத்துக்கு முன்னால் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். என் மனைவி குடையை விரித்துக்கொண்டாள், பஸ்ஸுக்குள்ளேயே. அவர் திரும்பாதது எங்கள் அதிர்ஷ்டம். மற்ற எல்லோரும் திரும்பினார்கள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். எதிரே ஒரு சலவைக் கடை, ஒரு சைக்கிள் கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய கதவு, மேலே சிவப்பு விளக்கு. பப். சர்வ சாதாரணமாக உள்ளே போனார். என் மனைவி நடைபாதையிலேயே உட்கார்ந்து ‘என் பொண்ணு வாழ்க்கை போச்சு’ என்று ஆரம்பித்தாள். கண்ணால் பார்க்காமல் அழுவது அனாவசியம் என்று சொல்லி அவளை எழுப்பினேன்.

வாசலில் ஓர் உயரமான ஸ்டூல், அதில் பாதித் தலைமுடியை நீலமாக்கிக்கொண்ட ஒரு பெண். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ஓரம் பிசிறில்லாமல் கிழித்தாள், அது எனக்குப் பிடித்தது. புறங்கையில் ஒரு முத்திரை குத்தினாள். பிறகு ‘யாருக்காக வந்திருக்கீங்க?’ என்றாள். எனக்குத் திக்கென்றது. மாப்பிள்ளை விவகாரம் வாசல் வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் இருந்த கரும்பலகையைக் காட்டி விளக்கினாள். அன்று மூன்று குழுக்கள் பாடப் போகின்றன. சினிமாப் பாட்டு இல்லை, அவர்களே எழுதி அவர்களே மெட்டுப் போட்டவை. வருகிறவர் யாருக்காக வந்தேன் என்று சொல்கிறாரோ அந்தக் குழுவின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுவார்களாம்.

பெயர்களைக் கேளுங்கள். எலும்பு முறிவு. ஈரத் துண்டு. சில்லறை இல்லை. இந்த வயசில் எலும்பு முறிவுக்காக வந்தேன் என்று என் வாயால் சொல்லக் கூடாது. சில்லறை இல்லை என்பதோ சர்வீஸ் முழுக்கக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன வார்த்தை. பெரிய நோட்டை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். ஆகவே ஈரத் துண்டு என்றேன். என் மனைவியைக் கேட்டதற்கு, ‘அவருக்கு என்னவோ அதையே எனக்கும் போட்டுடும்மா’ என்றாள். ஈரத் துண்டுக்கு இரண்டு கோடு விழுந்தது.

உள்ளே நீளமான, தாழ்ந்த கூரை போட்ட அறை. சுவர் முழுக்கப் பழைய நோட்டீஸ்கள், ஒன்றின் மேல் ஒன்று. மேடை என்று சொன்னது பஸ்ஸின் கடைசி சீட் அகலம்தான் இருக்கும். கால் ஆடும் மேஜை ஒன்றைப் பிடித்தோம். என் மனைவி கவுண்டரில் இருந்தவரிடம் வெந்நீர் கேட்டாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் வெந்நீர் என்றாள். பாவம், எலுமிச்சைத் துண்டு போட்டு, குட்டிக் குடை சொருகிக் கொண்டுவந்து வைத்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தோம். ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையில் குனிந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு அழுகை திரும்பவும் முட்டியது. கண்ணாடிக் கடை வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு இங்கே எடுபிடியாக இருக்கிறார் என்று தீர்மானித்துவிட்டாள். நானும் நம்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும், குடி இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

முதலில் எலும்பு முறிவு வந்தது. நான்கு பையன்கள். ஒருவன் கத்தினான், மற்ற மூன்று பேரும் அவன் கத்துவது கேட்காதபடி பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்கு வயிற்று வலியா என்று என்னைக் கேட்டாள். அடுத்தது ஈரத் துண்டு, இரண்டு பெண்கள். நன்றாகவே பாடினார்கள். முடித்ததும் அதில் ஒருத்தி நேரே எங்கள் மேஜைக்கு வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். ‘எங்க அம்மாவைத் தவிர எங்களுக்குன்னு யாருமே வரமாட்டாங்க ஆன்ட்டி, நீங்க வந்தீங்கன்னு வாசல்ல சொன்னாங்க’ என்று கண் கலங்கிவிட்டாள். என் மனைவி அவள் தலையைத் தடவி, இன்னும் நன்றாகச் சாப்பிடச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் வந்து நின்றாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பிறகு எல்லாம் கொட்டினாள். மாப்பிள்ளைக்கு வேலையும் இருக்கிறது, குடியும் இல்லை. பீர் அடுத்தவர் கிளாஸிலிருந்து சிந்தியது. கடைசியாகப் பாடப்போகும் குழு அவருடையதாம். மாதக் கடைசி ஞாயிறு இங்கே பாட்டு, மற்ற ஞாயிறுகளில் ஒத்திகையாம். எங்களிடம் ஏன் மறைத்தார் தெரியுமா? மாமாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குக் கடிதம் போய்விடும் என்றுதான். என் எழுத்துக்கு இவ்வளவு பயப்படுகிறவர் ஒருவர் என் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

குறைந்த கோடு வாங்கும் குழுவை அங்கே மறுபடி கூப்பிட மாட்டார்களாம். மாப்பிள்ளை குழுவுக்குப் போன தடவையே மயிரிழையில் தப்பித்த நிலை. வேறு எந்த இடத்திலும் அவர்களுக்கு வாய்ப்புத் தருகிறவர் இல்லை. இந்தக் கதவும் மூடினால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு மகள், ‘நீங்க ரெண்டு பேரும் வாசல்ல எங்க பேரைத்தானே சொன்னீங்க?’ என்று ஆசையாகக் கேட்டாள். குழுவின் பெயர் என்ன என்று கேட்டேன். சில்லறை இல்லை என்றாள். நான் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லும் பஸ் கதைகளிலிருந்து மாப்பிள்ளை எடுத்து வைத்த பெயராம். 

முழங்காலை மறந்து வாசலுக்கு ஓடினேன். எங்கள் இரண்டு கோட்டையும் இடம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். போட்டது போட்டதுதான் சார் என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னதுதான் சரி. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தவிர, கட்டிக்கொண்டு அழுத பெண்ணிடமிருந்து எந்த முகத்தோடு கோட்டைப் பிடுங்குவது? புதிதாக ஒரு டிக்கெட் வாங்கினேன். ‘நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்களே’ என்றாள். அது ஈரத் துண்டுக்காக வந்த ஆள், இது வேறு ஆள் என்று சொல்லி மற்றக் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே குத்தினாள். ஒரு கோடு.

ஒரு கோடு யானைப் பசிக்குச் சோளப்பொரி. எதிரே பஸ் நிறுத்தத்தில் ஷிஃப்ட் முடிந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தோள்பையைத் திறந்து காட்டினார். நான் ஓய்வு பெற்ற விஷயம் அவர் கைக்கு இன்னும் தெரியவில்லை. உள்ளே என் மாப்பிள்ளை பாடுகிறார், வாருங்கள் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ‘உள்ள செக்கிங்கா சார்?’ என்று ரகசியமாகக் கேட்டார்கள். இது ஓட்டுக்கு ஆள் பிடிக்கிற வேலை இல்லையா என்று என் மனசும் உறுத்தியது. அவர்கள் எனக்காக வருகிறார்கள், நான் மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறேன், ஆகவே நேர்மையான கோடுதான் என்று சமாதானம் செய்துகொண்டேன். யூனிஃபாரத்தோடு வரிசையாக நின்று ஒவ்வொருவரும் ‘சில்லறை இல்லை’ என்றார்கள். பாதிப் பேர் டிக்கெட்டுக்குத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அந்தப் பெண் நினைத்தாள். விளக்கிச் சொல்லிக் கோடு போட வைத்தேன்.

மாப்பிள்ளை மேடையேறினார். முன்வரிசையில் காக்கி உடுப்பு, நடுவில் நான், பக்கத்தில் காதில் பஞ்சோடு மாமியார். முதல் பாட்டின் முதல் அடியே அவருக்கு மறந்துவிட்டது. என் மனைவி பஞ்சை எடுத்துவிட்டு, ‘பாடுங்க மாப்பிள்ளை’ என்று சத்தம் போட்டாள். அப்புறம் பாடினார். ஒரு கண்டக்டர் பழக்கதோஷத்தில் விசில் ஊத, அது தாளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் மைக்கில், ‘இது எங்க அப்பா கடை ஷட்டருக்கு’ என்றார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். உங்களைத் திட்டியிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது. டிரம் அடிக்கிறவர் ஒரு நெளிதகரத்தின் மேல் சங்கிலியை இழுத்தார். சம்பந்தி, உங்கள் கடை ஷட்டரேதான். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு மாடியில் தங்கியபோது என்னைத் தூக்கிவாரிப்போட்ட அதே சத்தம். பாட்டு இதுதான்: மெதுவாக இறங்கினால் வியாபாரம் நன்றாக நடந்திருக்கிறது, அப்பா கையில் பொட்டலம் இருக்கும். தடாலென்று இறங்கினால் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். அப்பா வாயால் பேசியதைவிட ஷட்டரால் பேசியதுதான் அதிகம் என்று பாடினார். இந்த ஊரில் எந்தக் கடை சாத்தினாலும் ஒரு நிமிஷம் நின்று, இன்றைக்கு அப்பாவுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டுக்கொள்வாராம். அதோடு பாட்டு முடிந்தது. டிரைவர்கள் டீ கிளாஸைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதமும் வரச் சொல்லிவிட்டார்கள். ஈரத் துண்டும் தப்பித்தது. எலும்பு முறிவுக்குத்தான் கோடு குறைவு. அவர்களுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் வருத்தத்தை வெளியே சொல்ல முடியவில்லை.

கீழே இறங்கி வந்ததும் மாப்பிள்ளை, ‘அப்பாவுக்கு எழுதிடாதீங்க மாமா’ என்றார். சரி என்றேன்.  பஸ்ஸில் பாதி வழியில் அவரே, ‘எழுதுங்க மாமா, ஆனா சத்தம் ஜாஸ்தின்னு மட்டும் எழுதாதீங்க’ என்றார். இறங்குகிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னார். ஷட்டருக்கு எண்ணெய் போட்டாரா என்று கேட்கச் சொன்னார். எண்ணெய் போடாவிட்டால் தூக்கும்போது உங்களுக்குத் தோள் பிடித்துக்கொள்ளுமாம். கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதீர்கள்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு. தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு முதல்நாளே வந்துவிடுங்கள். முன்னறைக் கட்டில் உங்களுக்கு, பஞ்சும் இருக்கிறது. ஒரு நாள் கடையைச் சாத்தினால் இரும்பு துருப்பிடித்துவிடாது. நீங்கள் தீர்க்காயுசாக இருந்து இன்னும் நெடுநாள் அந்த ஷட்டரை ஏற்றி இறக்க வேண்டும், அதை அவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

நீங்கள் முதலில் படிக்கும் இடம் எனக்குத் தெரியும் என்பதால் முக்கியமானதைக் கையெழுத்துக்குக் கீழே வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சம்பந்தி

வாசலில் ஒரு பெண் ‘யாருக்காக வந்தீர்கள்’ என்று கேட்பாள். என்னைப் போலப் பலகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ‘என் பையனுக்காக’ என்று சொன்னால் போதும், கோட்டை எங்கே போடுவது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.