விருந்தாளிக்கென்று மூடி வைத்த தண்ணீர்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்லப் போனால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன், பக்கத்தில் மருமகள் வேறு இருப்பாள். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்த உன் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், முகம்தான் இன்னும் வாடியிருக்கிறது.

போன வாரம் நீ, நான்தான் அந்த ஃபிரிட்ஜுக்குத் தண்ணிக் குழாய சரியா மாட்டலையோ என்னவோம்மா என்று கேட்டாய். மருமகளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று உன் குரலிலேயே தெரிந்தது. நானோ, மெஷின்தானேப்பா, யாரக் குத்தம் சொல்றது என்று மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு உன்மேலும் இல்லை, மெஷின்மேலும் இல்லை. முழுக்க முழுக்க என்மேல்தான். எனக்கு மணிக்கட்டு வலி, தண்ணீர் கேனைத் தூக்கிச் சாய்க்க முடியவில்லை என்றுதான் டம்ளரை வைத்து அழுத்தினால் தண்ணீரும் ஐஸும் வருகிற ஃபிரிட்ஜாகப் பார்த்து வாங்கினாய். ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஃபில்டரை மாத்தணும், சும்மா கிடந்தா முதல்ல வர்ற தண்ணியக் கீழ ஊத்திடணும், சிந்துற தண்ணி நிக்கிற அடித்தட்டைத் துடைக்கணும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். நீ ஊருக்குக் கிளம்பியதும் முதல் வேலையாகப் பழைய திரைச்சீலையை வெட்டி அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டேன், பளபளப்பு போய்விடக் கூடாதே. பக்கக் கதவைத் திறந்து காய்கறி வைப்பதோடு சரி. குடிப்பதற்கு எங்களுக்கு அதே பழைய கேன், அதே மணிக்கட்டு வலி. ஒரு நாள் வெயிலில் வந்த அப்பா டம்ளரோடு அதனிடம் போனார், அது விருந்தாளிங்களுக்கு என்று தடுத்துவிட்டேன். ஒரு டம்ளர் புடிச்சா தேஞ்சா போயிடும் என்று கேட்டார், தேயும் என்றேன். இன்னொரு கூத்தையும் கேள். உறைக்குள்ளே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டிவியில் எரிகிற மாதிரி, கரண்ட் வருகிறது என்பதற்குத்தான் என்று நினைத்தேன். ஃபில்டரை மாற்று என்று அது பாவம் மாசக்கணக்கில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

சம்பந்தியம்மா வந்த அன்று நல்ல வெயில். பெருமையாக உறையைக் கழற்றி, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினேன். மாசக்கணக்கில் குழாயிலேயே தேங்கிக் கிடந்த தண்ணீர், அதில் ஒரு வாய்கூடக் கீழே விடவில்லை. ஐஸ் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு விழுந்தது, ஏதோ வாடையும் வந்தது, புது மெஷின் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எம்பிள்ள வாங்கித் தந்தது என்று சொல்லிச் சொல்லி இரண்டாவது டம்ளரையும் கொடுத்தேன். அப்போதுகூட நான் கேன் தண்ணீரைத்தான் குடித்தேன், அதை நினைத்தால்தான் நெஞ்சு அறுக்கிறது. மறுநாளே அவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. டாக்டர் எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டாராம், என் பேர் வந்துவிடக் கூடாதே என்று அவர் வாயைத் திறக்கவில்லையாம். அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பா அடித்தட்டை உருவிக் காட்டினார், உறைக்குள்ளேயே சொட்டிச் சொட்டி நின்ற தண்ணீரில் வழவழவென்று கறுப்பாகப் பாசி. தண்ணீர் வருகிற மூக்கிலும் அதே அழுக்கு. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு ஃபில்டரை மாற்றி, மூக்கைக் கழுவி, பழைய ஐஸை எல்லாம் கொட்டிவிட்டோம். அப்பா ஒட்டிக்கிடந்த ஐஸைக் கத்தியால் குத்தப் போனார், பிளக்கைப் பிடுங்காமல் ஐஸ் விழுகிற வாய்க்குள் கையையே விடக் கூடாது, கத்தி எதற்கு என்று ரிப்பேர்காரர் அதட்டினார். உங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஃபிரிட்ஜ்தானே, நீங்களும் லீவுக்கு வெளியூர் போய்த் திரும்பினால் பழைய ஐஸைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீரை வழியவிட்ட பிறகே குடியுங்கள். கேட்டதோடு விடாமல் செய்யவும் வேண்டும், என்னை மாதிரி மண்டையை ஆட்டாதே.

நேற்று நேரில் போய் சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, சம்பந்தி, மாப்பிள்ள உங்க கைக்காகத்தானே அத வாங்கிக் கொடுத்தார், நீங்க தினம் ஒரு டம்ளர் குடிச்சிருந்தா எனக்கு இது வந்திருக்குமா என்றார். நீ எனக்குக் கொடுத்ததை நான் எனக்கு என்று நினைக்கவே இல்லையடா, அதுதான் எல்லோரையும் படுத்திவிட்டது.

இந்தக் கடிதத்தை மருமகளிடம் நீயே படித்துக் காட்டு, என்னை நானே திட்டிக்கொள்கிற இடத்தை விட்டுவிடாதே. உன்மேல் அவளுக்கு ஒரு சொட்டு வருத்தமும் மிஞ்சக் கூடாது. இரண்டு பேரும் ஒருவர் மனம் ஒருவர் கோணாமல் நீடூழி வாழ வேண்டும். உறையைக் கிழித்து அடித்தட்டு துடைக்கும் துணியாக்கிவிட்டேன். இன்று காலை முதலில் வந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடுத்த டம்ளரை நான் குடித்தேன். ஜில்லென்று இருந்தது. கை வலிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா