மறுத்தது நான்தான்

முட்டம்,
14-7-2009

லிஜியின் அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். ஞானசெல்வி எழுதுகிறேன். இங்கே நானும் லிஜியும் மாமியும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

லிஜிக்குப் போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கடல் மோசமாக இருப்பதால் பத்து நாளாக ஒரு வள்ளமும் இறங்கவில்லை. மாமிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, நீங்கள் கொடுத்துவிட்ட தைலம் நல்லது என்கிறார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே உங்கள் அறையில் ஆறு பேர். இங்கே நான் பேசி முடிக்கும் வரை மாமி பக்கத்திலேயே நிற்பார். நான் சொல்ல வந்தது உங்களுக்கும் எனக்கும் நடுவிலுள்ள விஷயம். அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டீர்கள். மூன்று தடவையும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதா, நெட் வருகிறதா என்று கேட்டீர்கள். ஓடுகிறது, வருகிறது என்றேன். ஏன் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் உங்களுக்கு வந்து சேர வேண்டியது வரவில்லை. அதை நிறுத்தியது நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஞாயிறுகளுக்கு முன்னால் பூசை முடிந்து உங்கள் தம்பி பெனின் வந்தான். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதாமே, அண்ணன் சுத்தம் செய்யச் சொன்னார் என்றான். மெதுவாக ஓடுகிறது என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை. இருந்தாலும் நம் வீட்டுப் பிள்ளைதானே என்று உட்காரவைத்துச் சாயா போடப் போனேன். நான் வருவதற்குள் வேலையை முடித்து அணைத்துவிட்டுச் சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கூடவே தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் உண்டு. புதிதாக ஏதாவது அப்படி ஓடப் பார்த்தால், ஓமனா டீச்சர் போட்டுத் தந்த காவல் சாஃப்ட்வேர் மணியடிக்கும். சின்னதாக ஒரு பெட்டி வந்து, இதை அனுமதிக்கவா மறுக்கவா என்று கேட்கும். முதலில் நான் பயந்து எல்லாவற்றையும் மறுத்துவிடுவேன். பிரிண்டர் நின்று போனது, தமிழ் எழுத்து வராமல் போனது. தக்கலையில் எனக்கு வகுப்பெடுத்தபோது திட்டியதைவிட அதிகமாக அன்றைக்கு டீச்சர் திட்டினார். பெயரைப் படிக்காமல் எதையும் அமுக்கக் கூடாது, நாம் போட்டதா வேறு யாராவது போட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் லிஜியின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஆன் செய்ததும் மணியடித்தது. பெட்டியிலிருந்த பெயர் என் நோட்டில் இல்லை. மறுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து அதே பெயர் மறுபடியும் வந்தது. மறுத்தேன். மூன்றாவது தடவையும் வந்தது. ஒரு எழுத்துகூட அடிக்காமல் அணைத்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தேன்.

மறுநாள் அவர் இரணியலிலிருந்து பஸ் பிடித்து வந்தார். வெகுநேரம் பார்த்தார். இந்த வீட்டில் யார் எந்த எழுத்தை அடித்தாலும் அதைச் சேர்த்து வைத்து தினமும் சாயங்காலம் ஒரு மெயில் முகவரிக்கு அனுப்புகிற புரோகிராம் இது என்றார். பெனின் அதற்குப் பூட்டுப் போட மறந்திருந்தான். திறந்து முகவரியைக் காட்டினார். லிஜியின் பெயரும் அவள் பிறந்த வருடமும் சேர்ந்த முகவரி. நீங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம், தக்கலை பிரௌசிங் சென்டரில் என் கையால் உங்களுக்கு உண்டாக்கித் தந்த முகவரி.

இது யாருடையது என்று டீச்சர் கேட்டார். தெரியாது என்றேன். உங்கள் மானத்துக்காகச் சொன்ன பொய் அது. அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். வேறெதுவும் கேட்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

நீங்கள் மூன்றாவது தடவை கூப்பிட்டதற்கு மறுநாள் பெனின் திரும்ப வந்தான். மணியடிக்கிற சாஃப்ட்வேர்தான் கம்ப்யூட்டரைக் கெடுக்கிறது, அதை எடுத்துவிடப் போகிறேன் என்று உட்கார்ந்தான். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அதை எடுக்காண்டாம். நீ வச்சிட்டுப் போனதை எடு" என்றேன்.

அவன் கை மவுசிலேயே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணன்தான் செய்யச் சொன்னாவ மைனி. நான் என்ன செய்யட்டு?"

"இப்ப நான் சொல்லுகேன், எடு."

எடுத்தான். முழுவதும் போய்விட்டதா என்று மறுபடியும் ஆன் செய்து காட்டச் சொன்னேன். மணியடிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, தக்கலை அச்சகத்துக்காரர் குமாரதாஸ் எனக்கு அடிக்கடி மெயில் அனுப்புவதைத் தான்தான் உங்களிடம் சொன்னதாக ஒத்துக்கொண்டான். முகம் செத்துப் போயிருந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்களும் அவனைத் திட்ட வேண்டாம்.

குமாரதாஸ் அனுப்புவது கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, கோயில் பங்கு மடல். நான் அடித்துத் திருப்பி அனுப்புகிறேன். இதை ஆரம்பித்த நாளிலேயே உங்களிடம் சொன்னேன், நீங்களும் சரி என்றீர்கள். இப்போது திரும்பச் சொல்வது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும். நான் நல்லவள் என்று காட்டுவதற்காக இல்லை. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவருக்கு அதை நான் நிரூபிக்க மாட்டேன்.

இன்னொன்றை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். இந்த மேசைக்கு முன்னால் நான் மட்டும் உட்காருவதில்லை. நம் தெருவில் எழுதத் தெரியாத பெண்கள் வெளிநாட்டில் இருக்கிற புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம்தான் சொல்கிறார்கள். பூங்கனி வருவாள். அவள் உடம்பில் என்ன கட்டி, டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் மாமியாருக்குக்கூடத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு என் காதில் சொல்வாள், நான் அடிப்பேன். நான் மறுத்திருக்காவிட்டால் அதெல்லாம் சாயங்காலம் உங்கள் அறைக்கு வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் படித்திருப்பீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் எட்டிப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு தண்ணீர்க் குழாயடிக்குப் போவேன்?

கம்ப்யூட்டருக்கு இப்போது கடவுச்சொல் போட்டிருக்கிறேன். பெனினுக்குத் தெரியாது, மாமிக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. இந்த வரியை அடித்துத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன். தட்டச்சு வேலையையும் விடமாட்டேன், தெருப் பெண்களை வரவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரை விற்கச் சொன்னால், தக்கலையில் போய் உட்கார்ந்து அடிப்பேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு தடவை லீவு கேட்டும் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் அறையில் ஆளுக்கொரு கதை. அவன் மனைவி இப்படி, இவன் மனைவி அப்படி. கேட்டுக்கேட்டு உங்களுக்கும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகியிருக்கும். பெனின் சொன்ன அந்த ராத்திரியே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எவ்வளவு கேவலமாகக் கேட்டிருந்தாலும் இந்த அளவுக்கு வலித்திருக்காது.

மாமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பெற்ற மகனைப் பற்றி என் வாயிலிருந்து அவர் இதைக் கேட்க வேண்டாம். லிஜி உங்களுக்காக வரைந்த படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நம் கடற்கரை விளக்குமாடம் படத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இனி என்மேல் சந்தேகம் வந்தால் எனக்குத் தெரியும்படி சந்தேகப்படுங்கள். கத்துங்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன். இரண்டு நாள் பேசாமல் இருப்போம், மூன்றாம் நாள் யாராவது ஒருவர் கூப்பிடுவோம். நம் கல்யாணம் அதையெல்லாம் தாங்கும். இதைத்தான் தாங்காது.

கடிதம் கிடைத்ததும் பதில் எழுதுங்கள். கையால் எழுதுங்கள், உங்கள் எழுத்தைப் பார்த்து நாலு வருடமாகிறது. வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள், சமயத்துக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் ராத்திரி ஜெபத்தில் உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்னும் உங்கள்,
ஞானசெல்வி