கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாடம்

மார்ச் 4, செவ்வாய்

பக்கவாதம் வந்து பேச்சுப் போன மனுஷனுக்கு முதலில் எதைச் சொல்லித் தருவார்கள்? ரொட்டி, தண்ணீர், வலிக்கிறது — இதைத்தானே? பேச்சுப் பயிற்சி தர வருகிற மதாம் பொலீன் இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டாள். காதை வைத்துக் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஃபெர்னான் "வூ... த்ரெ" என்று இழுக்கிறார். "முதல்ல 'வூத்'. அப்புறம் வால்ல 'ரெ'. கடைசி எழுத்து ஊமை, அதைத் தொடாதீங்க," என்கிறாள் அவள்.

எங்கள் பிரெஞ்சில் 'எனக்கு ஆசையா இருக்கே' என்று சொல்கிற வார்த்தை அது. எதன் மேல் ஆசை? யார் மேல்?

மார்ச் 6

என்னிடம் "கொடு", "வேணாம்" — அவ்வளவுதான். அதையும் அவர் வாயைத் திறக்கும்போதே உப்பா, தண்ணியா, கைக்குட்டையா என்று நானே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறேன். பார்த்துப் பார்த்துச் செய்கிறவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அவளிடம் மட்டும் வாய் நிறையப் பேச்சு!

மார்ச் 11

இன்று "இ-ரியோன்". 'நாம் போகலாமே.' எந்த நாம்?

மார்ச் 12

அவள் மேல் லாவெண்டர் வாசம். இவருக்கோ சவரம் செய்யாமல் செவ்வாய்க்கிழமை விடிவதில்லை.

மார்ச் 18

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "எங்க போகப் போறீங்க ரெண்டு பேரும்?"

பொலீன் சிரித்துவிட்டாள். "லுவார் ஆத்தங்கரைக்கு மதாம். உங்களோட! 'தா, எடு'ன்னு உங்களை அதட்டிக்கிட்டே இருக்க இவருக்குப் பிடிக்கல. பணிவாக் கேக்கணும்னா இந்த 'ரெ'யும் 'ரியோனு'ம் வேணுமே."

"அதுக்குக் கதவை ஏன் சாத்தணும்?"

"சாத்தச் சொன்னதே இவர்தான். நீங்க பக்கத்துல இருந்தா பாதி வார்த்தையிலேயே முடிச்சு வச்சுடுறீங்க."

நானா? நானா அப்படிச் செய்கிறேன்? ஃபெர்னான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. சமையலறைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

லீக் சூப்புக்கு நடுவில் ஃபெர்னான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யூ... கெத்."

என் பெயர்! நிமிர்ந்தேன்.

"பு... ரெ..."

'உன்னால முடியுமா' என்று பணிவாக ஆரம்பிக்கிறார். உப்பு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது; கடித்துக்கொண்டேன். மிளகா? ஜன்னலைத் திறக்கவா? சூப் ஆறி ஏடு கட்டியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. நான் மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம்... வாயை... மூடிக்கிட்டு... இருக்க... முடியுமா?"

அடப்பாவி மனுஷா! இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தது இதற்குத்தானா! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் பாதி உதட்டால் சிரித்தார்.

பதில் சொல்ல வாய் துடித்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அடுத்து எதையோ ஆரம்பித்தார். காத்திருந்தேன்.