டிரைவர் வீட்டு எல் போர்டு

ஜனவரி 11

இன்றும் காலையில் என் வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் செய்தார், கொஞ்ச நேரம் ஓடவிட்டார், அணைத்தார், உறையைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டார். எங்கும் போகவில்லை. கேட்டால் "பேட்டரி இறங்கிடும்ல" என்கிறார். பேட்டரி மேல் இருக்கிற அக்கறை தன் மேல் ஒரு துளி இல்லை.

கண் டாக்டர் சொன்னது ஆகஸ்டில். நேரே பார்ப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, பக்கவாட்டில்தான் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றார். இவர் டிப்போவுக்குப் போய் வேலையை எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே லைசென்ஸையும் ஒப்படைத்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன் அன்றைக்கு டாக்சி பிடித்து வீடு வந்தார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் கிளம்புவதில்லை. நடக்கக் கூப்பிட்டால் கால்வலி. பஸ்ஸில் போகலாம் என்றால் முகம் கறுத்துவிடுகிறது. இப்படியே விட்டால் மனுஷன் சோபாவோடு ஒட்டிக்கொண்டுவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. இவரை எப்படியாவது வெளியே கிளப்ப வேண்டும்.

ஜனவரி 14

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரித் தையல் அறையில் இன்று முழுக்கக் கிழிந்த படுக்கை விரிப்புகள். ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் என்ன?

மதியம் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் பேக்கரி வேன் ஓட்டுகிறாள். ஊரில் ஒரு சந்து பாக்கியில்லை.

"இது இப்பத்தான் தோணுச்சா அண்ணி? எங்கண்ணன் சரின்னுட்டாரா?"

"இன்னும் சொல்லவே இல்ல."

"நல்லா இருக்கு கதை" என்று சிரித்தாள்.

ஜனவரி 15

சொல்லிவிட்டேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கு?" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "முதல்ல கம்ப்யூட்டர்ல பரீட்சை இருக்கு, தெரியும்ல?" என்றார். எனக்கு அது போதும்.

ஜனவரி 22

கூடத்தில் பயிற்சிப் பள்ளி ஆரம்பமாகிவிட்டது. இரண்டு நாற்காலி. என் கையில் ஒரு தட்டு, அதுதான் ஸ்டீயரிங். குடைதான் கியர். தரையில் மூன்று செருப்புகள் வரிசையாக: கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். அவர் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனுஷனுக்கு விளையாட்டே கிடையாது. நிஜமாகவே ரோட்டில் போவதுபோல் முறைக்கிறார்.

"கண்ணாடி பாத்தியா?"

"எந்தக் கண்ணாடிங்க?"

"இருக்குன்னு வச்சுக்கோ. ஸ்டாப் வருது, வேகத்தைக் குறை. ஓரமா ஒதுக்கு. இன்னும். இன்னும். ஏறிட்டாங்களா பாரு."

கிளட்ச், கிளட்ச் என்று கத்தினார். எனக்கும் வந்ததே கோபம்! நாற்காலிக்கு ஏதுங்க கிளட்ச், செருப்பை மிதிச்சு மிதிச்சு காலே போச்சு, நீங்களும் உங்க ஸ்டாப்பும்னு கத்திட்டு எழுந்து வந்துட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவராகவே சொன்னார்: "கால் நல்லாத்தான் இருக்கு. தையல் மெஷின் மிதிச்ச காலு. அமுக்குறது பதமா இருக்கு."

இதற்காக ஒரு வாரம் கத்தினாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பிப்ரவரி 3

தோற்றேன். ஒரே ஒரு மார்க்கில்.

வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே எனக்கு முன்னால் முடித்துவிட்டுப் போய்விட்டாள். நானோ ஒவ்வொரு கேள்வியையும் துணி அளப்பதுபோல் அளந்து, அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே நினைவுபடுத்தித்தான் பதில் கொடுத்தேன். நெடுஞ்சாலையில் என்ன வேகம்? அவர் சொன்ன வேகம். கிளம்பும்முன் எதைக் கவனிக்க வேண்டும்? படியில் யாரும் நிற்கவில்லை என்பதை. எவ்வளவு நிம்மதியாக அதைத் தொட்டேன் தெரியுமா? எனக்காகவே வந்த கேள்வி என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க கார் லைசென்சுக்கு வந்தீங்களா, பஸ் லைசென்சுக்கா?"

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளாக இந்த மனுஷன் எனக்கு பஸ்ஸைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்!

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். படியில் யாரும் நிற்கக் கூடாது என்ற இடம் வந்ததும் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "காருல ஏதுடி படி?" என்று வேறு கேட்கிறார்.

கோபத்தில் கைப்பையைத் தூக்கி சோபாவில் எறிந்தேன். ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு இந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்கிறேன். இதற்காக வாரம் ஒரு முறை ஃபெயில் ஆகத் தயார்.

பிப்ரவரி 4

காலையில் பென்சிலோடு விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு. "நான் சொன்னதுல பாதி பஸ்ஸுக்கு. அதை மறந்துடு." எந்தப் பாதி என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அதற்கும் ஒரு சண்டை.

பிப்ரவரி 18

பாஸ்! கையில் பழகுநர் உரிமம். போட்டோவில் களவாணி மாதிரி இருக்கிறேன், பரவாயில்லை. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அம்மா, இந்த மூஞ்சியப் பாத்தா எல்லாரும் வழி விட்டுடுவாங்க" என்று பதில் போட்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று. கவுண்டர்காரர் உரிமத்தைக் கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: முன் சீட்டில் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருந்தால்தான் ஓட்டலாம். தலையாட்டிவிட்டு நாலு அடி வந்தேன், கால் நின்றுவிட்டது. இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் கொடுத்தவளே நான்தான். இவரிடம் இப்போது லைசென்ஸ் இல்லை என்பது ஏன் எனக்கு உறைக்கவில்லை? பக்கத்தில் இவர், கையில் ஸ்டீயரிங், இரண்டு பேரும் ஊர் சுற்றுவது என்று இத்தனை நாள் கனவு கண்டுகொண்டிருந்தேனே.

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவ உக்காருவா."

"அப்ப நீங்க?"

"நான் எதுக்கு?"

"பின்னாடி உக்காருங்களேன்."

"பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்கவா? போய் வேலையப் பாரு."

இருந்தாலும் எல் போர்டை ஒட்டியவர் அவர்தான். கண்ணாடியைத் துடைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் துணியால் அழுத்தி ஒட்டினார். பிறகு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். யாருக்காக இதையெல்லாம் ஆரம்பித்தேன்?

பிப்ரவரி 20

நாத்தனாரோடு முதல் ஓட்டம். தெரு முனைக்குள் நான்கைந்து முறை அணைந்தது. "பிரேக்க மிதிச்சா நிக்கும் அண்ணி. மத்ததெல்லாம் வெறும் பேச்சு" என்றாள். நல்ல டீச்சர். திரும்பி வரும்போது ஜன்னல் திரை அசைந்தது. அவர்தான். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 25

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மெயின் ரோட்டில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் பஸ் ஸ்டாப். என்னைக் கேட்காமலே கால் பிரேக்குக்குப் போனது, கை இண்டிகேட்டரைப் போட்டது. அழகாக ஓரம் ஒதுங்கி வந்து நின்றேன். நாற்காலியிலும் செருப்பிலும் பழகினது! நாத்தனார் "அண்ணி, என்ன பண்றீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின் கதவு திறந்தது. பெரிய பையோடு ஒருவர் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மார்க்கெட் வழியாத்தானே?" என்றார்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மார்க்கெட் வழியில்தான் இருந்தது. கொண்டுபோய் விட்டேன். "பதறாம ஓட்டுறீங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும், இவர் விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறார் என்று ஆசையாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. டிவியை அணைத்தார்.

"டயர் ஓரக்கல்லுல உரசிச்சா?"

"இல்ல."

"கதவு எங்க வந்து நின்னுச்சு?"

"முதல்ல நின்னவருக்கு நேரா. அவர் ஒரு அடிகூட நகரல, அப்படியே ஏறிட்டார்."

"எனக்கு அது படிய ஒரு வருஷம் ஆச்சு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். எழுந்துபோய் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பின்னாலேயே வந்தார். "ஆனா இது காரு. ஸ்டாப்புல நிறுத்தினா போலீஸ்காரன் பிடிச்சு வச்சுக்குவான். இந்தப் பழக்கத்தை யாராவது கூட இருந்து மாத்தணும்."

"அதான் உங்க தங்கச்சி இருக்காளே."

"அவளா? அவ ரொட்டி ஏத்துறவ. ஆள் ஏத்துறதப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

பிப்ரவரி 27

சாயங்காலம் வந்து பார்த்தால், அவருடைய வெளியே போகிற சட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்குகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளே போய்விடும்.

மார்ச் 1

நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் சீட்டை இழுத்துச் சரிசெய்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நேராக வந்து பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"சௌகரியமா இருக்கா அண்ணே?" நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது.

"ரோட்டப் பாரு நீ."

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். முன்புபோல் கண்ணை மட்டும் ஓட்டினால் அவருக்குத் தெரிவதில்லை. அதனால் கழுத்தை முழுதாகத் திருப்பி இந்தக் கதவைப் பார்த்தார், பிறகு முழுதாகத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தார். இழுத்துச் சாத்தியிருக்கிறதா என்று கைவைத்தும் பார்த்தார். நான் கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு, கார்க் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட், போலாம்!"

வேலை பார்த்த காலமெல்லாம் பின்னாலிருந்து கண்டக்டர் இவருக்குச் சொன்ன வார்த்தை. அதைக் கேட்டுத்தான் இவர் வண்டியை எடுப்பார். இவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி அணையாமல் கிளம்பியது.