பசியைச் சொல்லும் மூலக்கூறு

முதலில் என்னை மன்னித்துவிடு. வாசிக்க நீ இல்லை என்று தெரிந்துகொண்டே எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்த காலத்திலும் நான் உனக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதியவள் அல்ல. விடுமுறையில் நீ மூன்று பக்கம் எழுதினால் நான் அரைப் பக்கம் பதில் போடுவேன். அதிலும் பாதி மழையைப் பற்றி இருக்கும். ஆள் போன பிறகு நீளமாக எழுதுவது அழகில்லைதான். வேறு யாரிடமும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று வைத்துக்கொள்.

இன்று பள்ளி விட்ட பிறகு ஆய்வுகூடத்தில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே குழாயடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பரிசோதனைக் குழாய்களைக் கழுவினார்கள். சன்னல் வழியாக ஈரச் சாம்பலின் மணம் வந்தது. ஒரு தகர டப்பாவில் அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து தேங்காய்த் தும்பால் தேய்க்கிறார்கள். தடுப்பதற்காக எழுந்த நான், எழுந்த வேகத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

கைப்பையில் நம் பேராசிரியரின் கடிதம் இருக்கிறது. நீ பாதியில் விட்டுப்போன ஆராய்ச்சியைத் தொடர்வதாக இருந்தால் அவருடைய துறையில் எனக்கு இடம் உண்டு என்று எழுதியிருக்கிறார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் அந்த இடத்தைக் கேட்கவில்லை. உன் அம்மாதான் அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நீ போய் ஏழெட்டு வருடமாகிறது. உன் வேலையை யாராவது முடிக்க வேண்டும் என்று உன் அம்மா காத்திருக்கிறார். அந்த யாராவது நான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சாம்பல் உனக்கு ஞாபகம் இருக்கும். கடைகளில் சவர்க்காரத் தூள் இல்லாத காலம் அது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்து அலுமாரியில் வெறும் டப்பாதான் இருந்தது. "உங்கட வீட்டில சட்டி பானை என்னத்தால கழுவுவியள்?" என்று கேட்டாய். சாம்பல் என்று சொல்ல எனக்குக் கூச்சம். சொன்னேன். அடுத்த நாளே விடுதிச் சமையற்கட்டிலிருந்து ஒரு டப்பா நிறையச் சாம்பலோடு வந்தாய். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா எனக்குப் பழக்கியபடி நான் முகவைகளைத் தேய்த்தேன். கண்ணாடி பளபளவென்று வந்தது. துறையில் எங்கள் மேசையில்தான் சுத்தமான பாத்திரங்கள் என்று பேராசிரியரே சொன்னார்.

அதன் பிறகு ஒரு கணக்கும் சரிவரவில்லை. உன் ஆராய்ச்சிக்கான தூள் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து பனிக்கட்டியில் வைத்து வந்திருந்தது. ஒரு சிட்டிகைகூட இல்லை. அதைத் தொடும் முன் கை பழக, எளிதில் கிடைக்கிற இன்னொரு நியூக்கிளியோடைட்டை எடுத்துக்கொண்டோம். உலோகம் எதுவும் சேர்க்காமல் ஒரு தடவை, மக்னீசியம் சேர்த்து ஒரு தடவை, பியுரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். மானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வரைந்த கோடுகள் எவ்வளவு விலகுகின்றன என்பதை வைத்து, மூலக்கூறு உலோகத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மானி பழுது என்றார் பேராசிரியர். ஒரு வாரம் மானியோடு மல்லுக்கட்டினோம்.

பிறகு ஒரு நாள் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினாய்.

"உன்ர நகத்தைக் காட்டு பாப்பம்."

நகக்கண்ணில் சாம்பல் ஏறிக் கறுத்திருந்தது. நான் கையை மடக்கிக்கொண்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நாங்கள் அதுக்கு இன்னும் ஒண்டும் குடுக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். அது கண்ணாடியில ஒட்டின சாம்பலில இருக்கிற கல்சியம், மக்னீசியம் எல்லாத்தையும் வயிறு முட்டத் திண்டுபோட்டு இருக்குதடி."

சிரித்துச் சிரித்து உனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாய். அன்று அதைச் சிரிப்பின் களைப்பு என்றுதான் நினைத்தேன். பாத்திரங்கள் எல்லாவற்றையும் நீர் சேர்த்து ஐதாக்கிய நைத்திரிக் அமிலத்தில் ஊற வைத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, மறுபடி தொடங்கினோம். கோடுகள் பிரிந்தன.

பனிக்கட்டியில் வந்த உன் மூலக்கூறைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை. சொல்வதாக இருந்தால் நீ சொன்னபடிதான் எனக்குச் சொல்ல வரும். குவனோசின் என்ற சிறிய உடல். அதில் இரண்டு இடங்களில் இரண்டிரண்டாக நாலு பொஸ்பேட். நீ அதை நாலுகையன் என்பாய். கைகள் எல்லாவற்றிலும் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விறைத்து நிற்கும். மக்னீசியமோ மங்கனீசோ பக்கத்தில் வந்தால் கைகள் வளைந்து அதைக் கவ்விக்கொள்ளும். அப்போதுதான் அதற்கு ஒரு நிதானம் வரும். உயிரணுவுக்குள் நீளமான, நேர் மின்னேற்றமுள்ள அமீன்களும் இருக்கின்றன. அவை உலோகத்தைப் போலப் புள்ளியாக வந்து உட்காருவதில்லை. கைகளின் மேல் நீளவாட்டில் படுத்துக்கொள்ளும். உலோகம் இருக்கும் இடத்துக்கு அமீனும் வந்தால் யார் விலகுவார், யார் இருப்பார் என்பதுதான் உன் கேள்வி. புரதங்களை நீ கடைசிக்கு வைத்திருந்தாய். புரதத்தில் இதற்கென்று ஒரு குழி இருக்கும் என்றாய். நாலுகையன் தனியே போகாது, உலோகத்தைப் பிடித்துக்கொண்டேதான் அந்தக் குழிக்குள் இறங்கும் என்பது உன் ஊகம். அதைச் சொன்ன அன்று உன் முகம் இருந்த இருப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நாலுகையன் எதற்கு என்று நான் கேட்டது ஒரு விடுமுறை முடிந்து, எங்கள் தோட்டம் இருக்கும் தெமோதரையிலிருந்து திரும்பிய சமயத்தில். தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்திருந்தார்கள். அரிசி கிடையாது, மாவும் சொற்பம். மரவள்ளி அவித்த தண்ணீரைக்கூட வீட்டில் கொட்டவில்லை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் வற்றிக் கிடக்கிறதே என்று கேட்டாய். வெயில் என்றேன். நீ நம்பவில்லை. அன்று ஆய்வுகூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கிவிட்டாய். கேட்டு முடித்ததும் ஒரு சோக்குக் கட்டியை எடுத்து மேசையிலேயே வரைந்தாய்.

"கிருமிக்கும் பசி வரும். புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலம் முடிஞ்சுபோச்செண்டால் அது உடன இந்த நாலுகையனைச் செய்யுது. இது போய், புதுசா ஒண்டும் கட்டாதேங்கோ, இருக்கிறதை வச்சுப் பொறுங்கோ எண்டு சொல்லுது. எல்லாரும் நிப்பாட்டுவினம். சாப்பாடு வந்தாப் பிறகு திருப்பித் தொடங்குவினம்."

"சொல்லலேன்னா?"

"அப்பிடிச் சொல்லத் தெரியாத கிருமியும் இருக்குது. அது பசிக்குள்ளயும் கட்டிக்கொண்டே போகும். பிறகு சாப்பாடு வந்தாலும் லேசில எழும்பாது."

"எங்க லயத்துல அப்படிச் சொல்றதுக்கு ஆள் கெடையாது. வயிறு காஞ்சாலும் காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் போய் நிக்கணும். பேர் குடுத்தாத்தான் வேலை."

என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்றும் வந்ததில்லை. நீ சோக்கைக் கீழே வைத்தாய். அந்தத் தவணை முழுவதும் விடுதிச் சாப்பாட்டில் உன் தட்டில் பாதி என் தட்டுக்கு வந்தது. பசியில்லை என்பாய். உனக்கு உண்மையிலேயே பசியில்லை என்பதும், உன் இதயத்தின் வால்வு சிறுவயதுக் காய்ச்சலிலேயே கெட்டுப்போயிருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். மலைப் பாதையில் ஏற வேண்டாம், ஓய்வெடு என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இந்த அமீனை முடித்துவிடுகிறேன், இந்த ஒன்றை மட்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய்.

உலோகங்களை முடித்தாய். அமீன்களில் பாதி. புரதத்தைத் தொடவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நீ ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்டாய். கடைசி பஸ் போயிடும், வெளிக்கிடு என்றாய். இதை முடி என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் முடித்திருப்பேன். முடிக்காதே என்றிருந்தால் விட்டிருப்பேன். இரண்டும் சொல்லாமல் போய்விட்டாய்.

சனிக்கிழமைதோறும் உன் வீட்டுக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி வீதியில் இருக்கும் அதே வாடகை வீடுதான். உன் அப்பா பதுளையில் லிகிதராக வேலை பார்த்தபோது எடுத்த வீட்டை, அவரும் போன பிறகு, உன் அம்மா தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் எழுதுகிறார்கள். அவர் போகவில்லை. நான் போனால் புட்டு அவிப்பார். முதல் சில மாதங்கள் இருவரும் உன்னைப் பற்றியே பேசினோம். பிறகு பேச்சு மெல்ல மெல்ல வேலையின் பக்கம் போனது. புரதமெண்டால் எவ்வளவு நாள் எடுக்கும் பிள்ளை என்று கேட்பார். உன் நாலுகையனைப் பற்றி அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதைப் பிரார்த்தனை போல மனப்பாடமாக வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து "இதுதானே உங்கட மகளின்ர மிச்சத்தை முடிக்கப்போற பிள்ளை?" என்று கேட்கும் அளவுக்கு ஊரில் பரவியிருக்கிறது.

போன சனிக்கிழமை உன் ஆய்வுகூட வெள்ளைக் கோட்டை எடுத்துவந்தார். வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தது. என் கை உன் கையைவிட நீளம் என்பதைக் கவனித்து வைத்திருக்கிறார்.

"கையை இறக்கித் தைச்சிருக்கிறன். போட்டுப் பார் பிள்ளை."

போட்டேன். தோளில் சரியாக இருந்தது. அவர் ஓரடி பின்னால் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். அந்த விரல்கள் கழுத்துக்குக் கிட்ட வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அளவா இருக்குங்கம்மா" என்றுதான் வந்தது.

கோட்டோடு வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அட்டை கடித்த காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா பாவம்தான். ஒனக்கு அதுல ஆசை இருக்கா?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை. பேராசிரியர் கேட்கவில்லை, உன் அம்மா கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இல்லை. இதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை பக்கம். கேள்வி உன்னுடையது. எனக்குக் கிடைத்தது உன் பக்கத்து முக்காலி. முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வேன், நீ எழுதுவாய்; அந்தப் பின்னேரங்கள்தான் எனக்குப் பிடித்தவை. நீ இல்லாத மேசையில் அந்தத் தூளோடு இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தூளும் கெட்டுவிட்டது, புதிதாக வரவழைத்து ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் களைத்துப்போனேன். விடிந்தால் பஸ், வகுப்பு, கொப்பி, திரும்பவும் பஸ். தம்பிகள் இருவரும் இன்னும் படிக்கிறார்கள். இதற்கு நடுவே இன்னொருத்தியின் ஆசையையும் என் ஆசையாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். வேறு யாராவது எங்காவது அந்தப் புரதத்தின் குழியைக் கண்டுபிடிப்பார்கள். உன் ஊகம் சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது நான் சந்தோஷப்படுவேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்துவிடாதே. வகுப்பில் ஒரு பிள்ளை பதில் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டால், நான் பதிலைச் சொல்லிவிடாமல் அது வாயைத் திறக்கும் வரை நிற்கிறேன். நீ எனக்காக அப்படி நின்றிருக்கிறாய். ஒரு பிள்ளையின் முகம் வற்றியிருந்தால் வெயிலா என்று கேட்பதில்லை. பாடம் முடிந்ததும் கூப்பிட்டு, என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

வருகிற சனிக்கிழமை உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். கோட்டையும் கொண்டுபோவேன். அவர் அழுவார், அல்லது அழாமல் அடுப்படிக்குப் போய்விடுவார். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான். அந்த வீட்டுக்கு நான் போக இதுவரை ஒரு காரணம் இருந்தது. அதை நானே எடுத்துவிட்டால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு கதவைத் தட்டுவேன்? எனக்கென்று ஓர் அம்மா இருக்கிறாள், இது பேராசைதான். ஆனாலும் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன். நீ இருந்த காலத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

உன் வேலையை நீயே வைத்துக்கொள். உன் அம்மாவை எனக்குத் தா. சனிக்கிழமைகளில் மட்டும் போதும்.