நாலாம் பக்கத்தில் செத்த அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பது பின்னட்டைப் படத்திலேயே தெரிகிறது. அதனால் கேட்கவில்லை.

நீ அனுப்பிய நாவல் கூரியரில் வந்தது. உள்ளே கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய், முன்பின் தெரியாத வாசகருக்குப் போடுவது போல. அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து படித்து முடித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. உன் சங்கேத நிபுணன் பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறான். பெரிய பெரிய மூளைகள் தோற்றுப்போன ரகசிய எழுத்தை, லிஃப்ட் கீழே இறங்குவதற்குள் உடைத்துவிடுகிறான். கூடவே ஓடும் பெண்ணுக்கு ஒரே வேலை, வாயைப் பிளந்துகொண்டு "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பது. அவள் உளவுத்துறை அதிகாரியாம்! உன் மருமகள் பாதியிலேயே தூக்கிப் போட்டுவிட்டாள். "மாமா கதையில யாருமே பாத்ரூம் போக மாட்டாங்களாம்மா?" என்கிறாள்.

எல்லாவற்றையும் விட, நாயகனின் அப்பாவை நாலாம் பக்கத்திலேயே தீர்த்துக்கட்டினாயே, அதுதான் கெட்டிக்காரத்தனம். மனுஷன் உயிரோடு படுத்துக் கிடந்தால் இவன் விமானம் மாறி விமானம் ஏற முடியுமா?

நம் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்பும் என்றார் டாக்டர். திரும்பியது ஒரே சொல்: "பஸ்". பசித்தாலும் பஸ், கோபம் வந்தாலும் பஸ். நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்போம், சரியென்றால் தலையாட்டுவார். போன வாரம் ஒருநாள் காலையிலிருந்தே பஸ், பஸ் என்று அழுகை. தண்ணீரா, மாத்திரையா, ஃபேன் வேண்டுமா, எதுவும் இல்லை. மதியம் புரட்டிப் படுக்கவைத்தபோதுதான் தெரிந்தது, முதுகுக்கடியில் விரிப்பு மடிந்து தோல் உரிந்திருக்கிறது. என் மூளைக்கு அவ்வளவுதான் வேகம். உன் ஆள் பார்த்திருந்தால் சிரித்திருப்பான்.

நேற்று உன் நாவலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் சாவை மட்டும் தாண்டிவிட்டேன். துப்பாக்கிச் சண்டை வந்ததும் தூங்கிவிட்டார். விழித்ததும் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பஸ்" என்றார். மேலே வாசிக்கவா, கண்ணாடி எடுத்துத் தரவா, விளக்கைப் போடவா என்று கேட்டுப் பார்த்தேன். எதற்கும் தலையாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியை வரச் சொல்லவா என்று மட்டும் நான் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

அடுத்த நாவலும் அமோகமாக விற்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா