ஜக்கையன் கண்

செர்மன் சண்டை முடிந்த சேதியும் விஷக்காய்ச்சலும் சேர்ந்து மலையேறி வந்த வருசம், கார்த்திகை மாசம்.

அன்னக்கொடிக்கு, நான் சொகம். நீயும் நம்ம பேத்தியும் சொகந்தானே?

எனக்குப் படித்துச் சொல்லுற, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுற ஜக்கையனுக்குக் கண் மங்குது. மழை இருட்டென்று ஏலக்காய் உலர்த்துற புகைக்கொட்டகைக்குள்ளே, அடுப்பு வெளிச்சத்தில் உன் காகிதத்தைத் தினமும் படிக்கவைத்தேன். எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் கேட்டேன்.

"இதை எழுத வேணாம், பெரியப்பா" என்கிறான். எழுதுடா என்றேன்.

இனி வெளியே வெயிலில்தான் படிப்பான், நடுநடுவே கண்ணை மூடிக்கொள்வான். உனக்குக் காகிதம் எழுதித்தார வாத்தியாரைப் பெரிய எழுத்தாக எழுதச் சொல்லு. அவன் இமையில் தடவ விளக்கெண்ணெய் கொடுத்துவிடு. அவன் கண் போனால் உன் பேச்சு எனக்கு வராது.

இந்தக் காகிதத்தைக் கொண்டுவார, அடிவாரத்துக் குரங்கணிக்கு மூட்டை இறக்குற ஆள் கிளம்பிட்டான். சோணையையும் ராஜாராமையும் காய்ச்சல் கொண்டுபோச்சு. அவுக வீட்டில் நீயே சொல்லு. என்னோடு மலையேறினவர்களில் உசுரோடு இருக்கிறது இந்த ஜக்கையன் ஒருத்தன்தான்.